மாரித்தாய்க்கு வந்த ரெண்டு பக்கக் கடிதம்

மாரித்தாய் ஜெயித்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம். ஒன்பது வயதில் களக்காட்டு வாழைத்தோட்டத்தில் விரியன் கடித்தும் பிழைத்தாள். முப்பத்தொரு வயதில் சைக்கிள் பழகினாள். முப்பத்தெட்டில், ஆறே மாதத்தில், எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றாள். கடைசியாக, பதினாறு வருஷம் தன்னை ஏமாற்றிய ஒரு பொய்யையும் ஜெயித்தாள். அந்தப் பொய்யைச் சொன்னவள் அவளுடைய அக்கா இசக்கியம்மாதான்.

இசக்கியம்மா ஐந்தாவது வரை படித்தவள். அம்மா போனபின் தங்கையை வளர்த்தவள். வீட்டுக்கு வரும் காகிதத்தையெல்லாம் அவள்தான் வாசிப்பாள். சினிமாவிலும் அப்படித்தான். நாவலாக வந்து படமான பழைய காதல் கதை ஒன்று தங்கைக்கு உயிர். அதில் காதலன் எழுதிய கடிதம் திரை முழுக்க வரும், குரல் இராது. கொட்டகையில் எல்லாரும் மூக்கை உறிஞ்சுவார்கள். "யக்கா, என்ன எழுதியிருக்கான்?" என்பாள் மாரித்தாய். அக்கா காதில் வாசித்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வரும்.

2008 ஆவணியில் நிஜமாகவே ஒரு கடிதம் வந்தது. மாரித்தாயோடு கூட வாழை இலை அறுத்த ஹெப்ரான், கேரளத்து எஸ்டேட்டில் வேலை கிடைத்துப் போனவன், எழுதியிருந்தான். தை மாதம் வந்து கட்டிக்கொள்கிறேன், சம்மதம் என்றால் பதில் போடு என்று. வேதக்காரப் பையன், கிறிஸ்தவன். சொந்தபந்தத்துக்குப் பயந்த இசக்கியம்மா, தாளைப் பார்த்தபடியே சினிமாக் கடிதத்தை ஒப்பித்துவிட்டாள். "என்னை மறந்துவிடு. இனி எனக்காகக் காத்திருக்காதே..."

"படத்தை நாலு தடவ பாத்தவம்லா, அதையே எழுதிட்டான்" என்றாள் மாரித்தாய். வேறு யாரிடமும் காட்ட வெட்கப்பட்டுக் கடிதத்தைத் தகரப்பெட்டியில் வைத்தாள். பதில் போகவில்லை. பின்னாளில் ஊர் திரும்பி வாழைத்தார் மண்டியில் லோடு ஆட்டோ ஓட்டிய ஹெப்ரானும் கல்யாணம் செய்யவில்லை. எதிரே பார்த்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

போன சித்திரையில் டிவியில் யாரோ சொன்னார்கள், நாவலில் அந்தக் கடிதம் இன்னும் நீளம் என்று. மறுநாளே மாரித்தாய் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பில் சேர்ந்தாள்.

"ஏட்டி, இந்த வயசுல படிச்சு கலெக்டராவா ஆகப்போற?"

"அந்தக் கடுதாசியை நானே படிக்கணும்க்கா."

இசக்கியம்மாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தங்கை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கப் படிக்க, தகரப்பெட்டி பக்கத்தில் வருவது போலிருந்தது. அடுப்பில் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை பெட்டியைத் திறந்தாள். கை வரவில்லை.

அக்டோபர் ஆறாம் தேதி, ஞாயிறு மதியம் டிவியில் அந்தப் படம் வந்தது. கடிதம் வந்ததும் பழக்கத்தில் வாயைத் திறந்தாள் இசக்கியம்மா.

"நீ பேசாதக்கா."

கேட்டுப் பழகிய சொற்கள்தான்; மாரித்தாய் விரலால் காற்றில் வரி பிடித்து வாசித்து முடித்தாள். திரும்பினாள்.

"நாலு வரிதானா? அவன் ரெண்டு பக்கம்லா எழுதியிருந்தான்."

இசக்கியம்மாவின் கண் தகரப்பெட்டிக்குப் போனது. தங்கை பெட்டியைத் திறந்தாள். ரெண்டு பக்கம் வாசிக்க முக்கால் மணி நேரம் ஆனது. படம் முடிந்து விளம்பரம் ஓடியது. யாரும் அணைக்கவில்லை.

"ஏன்க்கா?"

"பயந்துட்டேன் பிள்ள."

மாரித்தாய் கடிதத்தை இடுப்பில் செருகி சைக்கிளை எடுத்தாள். பொழுது சாயத் திரும்பும்வரை இசக்கியம்மா வாசலிலேயே நின்றாள்.

"என்ன சொன்னான்?"

"களக்காட்டுக்குள்ள ஒரு பதில் வர பதினாறு வருஷமான்னு கேக்கான்." சிரிக்காமல்தான் சொன்னாள். "புதங்கெழம பதிவு ஆபீசுக்குப் போறோம். நீயும் வா. அங்கன என்ன எழுதியிருக்குன்னு நான் உனக்கு வாசிச்சுச் சொல்லுதேன்."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் போனாள்.

கல்யாண அறிவிப்புப் படிவத்தை நீட்டிய குமாஸ்தா, வாழைக்கறை ஏறிய விரல்களைப் பார்த்துவிட்டு கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் திறந்தார். மாரித்தாய் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தாள். ஹெப்ரான் அவளை அவசரப்படுத்தாமல் சுவரைப் பார்த்து நின்றான். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவள் மைப்பெட்டியை மூடி அவர் பக்கமே தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கினாள்.

மா. மாரித்தாய். 9-10-2024.