முதுகால் பார்த்த வானம்

போன வாரம் மகன் என்னைக் கிள்ளானில் ஒரு டிவி கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். வீட்டில் இருக்கும் டிவிக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்குத்தான் அது சின்னதாகிவிட்டது. கடைக்குள் நுழைந்ததும் எதிரே சுவர் அகலத்துக்கு ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் பழுப்பு நிறத்தில் மூன்று தூண்கள், புகையைக் குழைத்துக் கட்டியது போல. பின்னால் பச்சையும் நீலமுமாக வெளிச்சம். நான் அப்படியே நின்றுவிட்டேன். வலது தோள்பட்டைக்குக் கீழே மூன்று விரல்கள் மெல்ல மேலேறுவது போலிருந்தது.

“கலர் எப்படி அங்கிள்? எல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சது. கிராஃபிக்ஸ் லா,” என்றான் கடைக்காரன்.

“கிராஃபிக்ஸ் இல்ல தம்பி. ஹபிள்னு ஒரு டெலஸ்கோப் பூமியைச் சுத்துது. அது எடுத்த போட்டோ. உனக்குப் பல் முளைக்கறதுக்கு முன்னாலயே எனக்கு இது தெரியும்.”

அவன் என் மகனைப் பார்த்துச் சிரித்தான். கிழவன் உளறட்டும், நாம் விலையைப் பேசலாம் என்கிற சிரிப்பு. நான் வெளியே வந்து காரில் உட்கார்ந்துவிட்டேன். டிவி வாங்கவில்லை. வீடு வரை மகன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அவனுக்கு என்ன தெரியும், அந்தப் படத்தை நான் கண்ணால் பார்த்ததைவிட முதுகால் பார்த்ததுதான் அதிகம் என்று?

சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். காப்பார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்றைக்குக் கிள்ளான் பக்கத்து மேருவில் என் லோரி யார்டுக்கு வந்து பாருங்கள். வரிசையாக நிற்கிற லோரிகளின் கதவில் என் பெயர் மூன்று மொழியில் எழுதியிருக்கும். பேங்க் மேனேஜர் எழுந்து வந்து கை கொடுக்கிறார். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவனுக்கு அதில் என்ன வெட்கம்?

ஆனால் முதல் லோரி பழையது. சீட்டில் பஞ்சே கிடையாது, ஒரு பலகை, அதன் மேல் கோணி. துறைமுகத்துக்கும் கோலாலம்பூருக்கும் அதை ஓட்டி ஓட்டியே இடுப்பு போய்விட்டது. அப்போதுதான் யாரோ பிரிக்பீல்ட்ஸுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கண் தெரியாதவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள் இருந்தன. மாடிப்படியில் கால் வைக்கும்போதே தைல வாசனை இறங்கி வந்து மூக்கைப் பிடிக்கும். இப்போதும் பேரன் காலில் அடிபட்டு யாராவது தைலம் தேய்த்தால் நான் அந்த மாடியில்தான் இருப்பேன்.

மாசிலாமணியை அங்கேதான் பார்த்தேன். என் வயதுக்காரன். அவனும் தோட்டத்துப் பிள்ளை. சின்ன வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனவன். பாவம் என்று நினைத்துக்கொண்டு பேசப் போனால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். நான் கொஞ்சம் லோரிக் கதை அளந்ததும், அன்றைக்கே எனக்குத் ‘தவுக்கே’ என்று பெயர் வைத்தான். தவுக்கே என்றால் முதலாளி. ஒரே ஒரு ஓட்டை லோரி வைத்திருந்தவனை அப்படிக் கூப்பிட்டால் அது மரியாதையா, கேலியா? இரண்டாவதுதான்.

அவனுடைய மேசையில் ஒரு ரேடியோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருக்கும். அதில் கேட்டுத்தான் அவன் அந்த டெலஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டான். தொண்ணூறில் அதை மேலே அனுப்பினார்கள். உலகமே வாயைப் பிளந்து காத்திருந்தது. வந்த படமெல்லாம் மங்கல். அதன் பெரிய கண்ணாடியை ஓரத்தில் கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டார்களாம். கொஞ்சம் என்றால் தலைமுடியை ஐம்பதாகக் கிழித்து, அதில் ஒரு பங்கு. அளக்கிற கருவியே தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது. அது சரி என்று சொன்னதை எல்லோரும் நம்பிவிட்டார்கள். உலகம் சிரித்தது. மணியும் சிரித்தான்.

“தவுக்கே, அதுக்கும் கண்ணு தெரியாதாம். இங்க அனுப்பச் சொல்லு, மசாஜ் கத்துக் குடுக்கறேன்.”

மூன்று வருஷம் கழித்து ஏழு பேர் ராக்கெட்டில் போனார்கள். அந்தரத்தில் மிதந்துகொண்டு அதன் வயிற்றைத் திறந்து, கோளாறுக்கு ஏற்றபடி சின்னச் சின்னக் கண்ணாடிகளை உள்ளே பொருத்தினார்கள். கண்ணாடிக்கே மூக்குக் கண்ணாடி. அதன் பிறகு வந்த படங்கள்தான் படங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தால் நான் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடுவேன். முதுகு வலித்தாலும் ஓடுவேன், வலிக்காவிட்டாலும் ஓடுவேன்.

குப்புறப் படுத்துக்கொண்டு, தலைமாட்டில் பத்திரிகையைத் தரையில் விரித்துப் பார்த்து, படத்தை நான் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள் நான். கட்டுரையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் சொல்லுவேன். அவன் கேட்டுக்கொண்டே அதை என் முதுகில் போடுவான். அதுதான் எங்கள் ஏற்பாடு.

“மூணு தூணு இருக்கு மணி. புகையில.”

“எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?”

“சாயல. இடது பக்கம் இருக்கறது உசரம்.”

மூன்று விரல்கள் தோள்பட்டைக்குக் கீழே மெல்ல ஏறும். “நுனியில என்ன?”

“நுனியில சின்னச் சின்ன முடிச்சு. அங்க நட்சத்திரம் பொறக்குதாம்.”

அந்த இடங்களில் நகத்தால் தொடுவான். நான் நெளிவேன். “படுடா ஒழுங்கா, பிரசவம் நடக்குது” என்பான்.

வியாழன் கிரகத்தில் ஒரு வால்மீன் துண்டு துண்டாக உடைந்து விழுந்தபோது, துண்டுக்கு ஒரு குட்டு என்று என் முதுகெலும்பு நெடுக வைத்தான். பத்திரிகைப் படத்தில் வியாழன் மேல் கறுப்புக் காயம். வீட்டில் என் மனைவி முதுகைப் பார்த்து, யாருடன் சண்டை போட்டீர்கள் என்று கேட்டாள். பிரபஞ்சத்தின் வயது பற்றிப் படித்தவர்கள் அடித்துக்கொண்டார்கள், ஆயிரம் கோடி வருஷம் என்று ஒரு கூட்டம், இரண்டாயிரம் கோடி என்று ஒரு கூட்டம். டெலஸ்கோப் அளந்து கொடுத்த கணக்கால்தான் அந்தச் சண்டை அடங்கியது. “எஸ்டேட்காரன் ஐசி மாதிரி லா. பொறந்தது ஒரு வருஷம், பதிஞ்சது ஒரு வருஷம்,” என்றான் மணி. ஐசி என்றால் அடையாள அட்டை. என்னுடையதில் இருக்கும் பிறந்த தேதியும் தோட்டத்து ஆபீஸில் யாரோ கிராணி குத்துமதிப்பாகப் போட்டதுதான். இரண்டு பேரும் சிரித்ததில் பக்கத்துத் தடுப்பிலிருந்த சீனக் கிழவர் எழுந்து திட்டினார்.

ஒரு படத்தை மட்டும் அவன் கேலி செய்யவில்லை. வானத்தில் ஒன்றுமே இல்லை என்று எல்லோரும் நினைத்த ஒரு துளி இடம். கையை நீட்டி ஒரு மணல் துணுக்கைப் பிடித்தால் மறைகிற அளவு. டெலஸ்கோப்பை அங்கே திருப்பிப் பத்து நாள் அசையாமல் பார்க்க வைத்தார்கள். வெறும் இருட்டு என்று நினைத்த இடத்தில் ஆயிரக்கணக்கில் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம் இல்லை. நட்சத்திரங்களின் ஒரு பெரும் கூட்டம், நம்முடைய பால்வீதி மாதிரி. நான் சொல்லி முடித்தேன். மணி கட்டைவிரலை என் இடுப்பில் ஒரே இடத்தில் வைத்து அழுத்தினான். எடுக்கவே இல்லை.

“வலிக்குதுடா.”

“இரு. நானும் இப்படித்தான் தேடுவேன். ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கற எடத்துலதான் முடிச்சு ஒளிஞ்சிருக்கும்.” அழுத்தியபடியே சொன்னான்: “வானம் ஞாபகம் இருக்கு தவுக்கே. எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்கு மேல இருந்த வானம். நட்சத்திரம் எப்படி இருக்கும்ங்கறதுதான் மறந்துபோச்சு.”

அன்றைக்கு நான் லோரியில் ஏறி உட்கார்ந்து வெகுநேரம் ஸ்டார்ட் செய்யவில்லை.

வருஷங்கள் ஓடின. லோரிகள் பெருகின. என்னிடம் ஏர்கான் வைத்த ஆபீஸ் வந்தது. மணியிடம் மட்டும் நான் மாறவில்லை. டெலஸ்கோப்பில் ஏதாவது கெட்டுப்போனால் ஆட்கள் மறுபடியும் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார்கள். முதல் தடவையையும் சேர்த்து ஐந்து முறை. நாங்கள் ஒவ்வொரு முறையும், நம்முடைய லோரி வொர்க்‌ஷாப்பில் நடப்பது போல, என்ன மாற்றினார்கள் என்று அலசுவோம். பேட்டரி, கேமரா, திசை காட்டும் சுழலி.

அதற்குப் பிறகுதான் பிரிக்பீல்ட்ஸை அழகு செய்ய வந்தார்கள். விளக்குக் கம்பம், பூந்தொட்டி, வளைவு. எல்லாம் வரட்டும், எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. நடைபாதையில் கண் தெரியாதவர்களுக்காக மேடு வைத்த மஞ்சள் ஓடுகளும் புதிதாகப் பதித்தார்கள். காலால் தடவிக்கொண்டே நடந்தால் வழி தெரியும். மணியின் கடை முனையில் அந்த மஞ்சள் கோடு எங்கே போய் முடிந்தது தெரியுமா? மூடி இல்லாத சாக்கடையில். நேராக. வழி காட்டிக் கூட்டிக்கொண்டு போய்த் தள்ளிவிடுகிற மாதிரி.

நானும் மணியும் ஆபீஸுக்குப் போனோம். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார், என்னை மட்டும் பார்த்து.

“அங்கிள், பிளான்ல மூடி இருக்கு. பாருங்க.”

“பிளான்ல இருக்கு. ரோட்டுல இல்ல.”

“கான்ட்ராக்டர் முடிச்சிட்டதா ரிப்போர்ட் இருக்கே.”

“இவர் நடக்கறது ரிப்போர்ட் மேலயா?” என்று நான் எழுந்தேன். மணி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். வெளியே வந்ததும், “அளக்கற கருவி சரின்னு சொல்லுதாம் தவுக்கே. நீ யாரு அதைக் கேக்க?” என்றான்.

நான் யாரா? மேருவில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். அந்த வாரமே வெல்டரைக் கூட்டி வந்து அளந்து, லோரித் தளத்துக்குப் போடுகிற கனத்தில் இரும்புத் தகடு வெட்டி, போல்ட் போட்டுச் சாக்கடையை மூடினேன். என் இரண்டு காலாலும் அதன் மேல் குதித்துக் காட்டினேன். சத்தத்தைக் கேட்டுவிட்டு மணியும் ஏறி நின்றான்.

“இனிமே ராஜா மாதிரி நட,” என்றேன்.

நடந்தான். ஒரு நாள் காலையில் எவனோ வந்து, அனுமதி இல்லாமல் வைத்தது என்று தகட்டைக் கழற்றி லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மேலே ஒரு கடையில்கூடச் சொல்லவில்லை. ஒரு பலகையைக் குறுக்கே வைக்கவில்லை. ஒரு கயிறு கட்டவில்லை. மாலையில் மணி வீட்டுக்குக் கிளம்பினான், ராஜா மாதிரி.

வலது மணிக்கட்டு நொறுங்கியது. கம்பி வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடியது, கோணலாக. கட்டைவிரலில் பலம் வரவில்லை. மசாஜ் செய்கிறவனுக்குக் கட்டைவிரல்தான் வாய், கண், சோறு எல்லாம். ஆஸ்பத்திரியில் அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவன் விழுந்த பிறகு மூடி வந்தது, உடனே, பளபளவென்று. ஒரு கனவான் வந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. முடியில் ஐம்பதில் ஒரு பங்கு பிசகியதற்கு மனுஷன் ஆகாயத்துக்கு ஏறிப் போனான். தப்பு எங்கள் தப்பு என்று உலகத்தின் முன்னால் ஒப்புக்கொண்டு போய்ச் சரிசெய்தான். இங்கே ஆள் முழுசாக உள்ளே விழுகிற ஓட்டை. கவுண்டரிலிருந்து நடந்து போகிற தூரம். மாடி ஏறி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க ஒருவனுக்கும் கால் வரவில்லை. நான் மறுபடியும் அந்த ஆபீஸுக்குப் போய்க் கத்தினேன். காவலாளி என் தோளைப் பிடித்து வெளியே விட்டான். அவன் பாவம், பிழைக்க வந்தவன். எனக்கு அவன் மேல் கோபம் இல்லை.

மணி கடையைக் கொடுத்துவிட்டுக் காப்பாரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். புதிதாக ஒரு டெலஸ்கோப் இன்னும் தூரமாகப் போயிருக்கிறது. அது எடுத்த படங்கள் என் போனில் இருந்தன. அதே மூன்று தூண்கள், இந்த முறை புகை விலகி உள்ளேயிருக்கிற நட்சத்திரமெல்லாம் தெரிகிறது. சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, “கேளு மணி” என்று ஆரம்பித்தேன்.

“வேணாம் தவுக்கே.”

“ஏன்டா?”

“கேட்டா கை துடிக்குது.” வலது கையை மடியில் எடுத்து வைத்து இடது கையால் மூடிக்கொண்டான். “சட்டையைப் போடு. தங்கச்சி டீத்தண்ணி கலக்கிட்டு வரா.”

திரும்பி வரும்போது வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பிரிக்பீல்ட்ஸுக்கு ஓட்டினேன். மாடியில் இப்போது யாரோ அறைகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். கீழே மஞ்சள் ஓடுகளின் மேல் ஒரு வெள்ளைக் கார், நான்கு சக்கரமும் ஏறி நின்றது. சொந்தக்காரன் உள்ளேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் தட்டினேன்.

“பாஸ், இது கண்ணு தெரியாதவங்க நடக்கற பாதை. எடு காரை.”

அவன் கோபப்படவில்லை. கண்ணாடியை இறக்கி மரியாதையாகத்தான் சொன்னான். “நான் தினமும் இங்கதான் அங்கிள் போடறேன். கண்ணு தெரியாதவங்க யாரும் இந்தப் பக்கம் வர்றதே இல்லையே.”

முன்பெல்லாம் அந்த நேரத்தில் கடைகள் விட்டு அவர்கள் இறங்கி வருவார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களின் தொப்பையைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு, தடிகள் ஓட்டில் டக் டக்கென்று பட ஸ்டேஷன் வரை போவார்கள். வண்டிக்காரன்கூட ஹார்ன் அடிக்காமல் நின்று வழி விடுவான். நான் தெருவின் இரண்டு கோடியையும் பார்த்தேன். ஒரு தடிச் சத்தம் இல்லை.

அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன்.