என் கட்டைவிரல் தின்ற மூன்று விநாடிகள்

என் மகள் ஓடுவாள். இதை ராஜபாளையத்தில் நான் சொல்லாத ஆள் கிடையாது. மில்லில் என் பக்கத்து மிஷினில் நிற்பவள் ஒருநாள் காதைப் பொத்திக்கொண்டு, "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், போதும்க்கா" என்றாள். குஞ்சு எண்ணூறு மீட்டரை இரண்டு நிமிடம் இருபத்தாறு விநாடியில் ஓடினால் பொன் குஞ்சு இல்லாமல் வேறென்ன? அதையும் அவளிடமே கேட்டேன்.

அந்த நேரத்தைப் பார்த்துச் சொன்னதும் நான்தான். ஷிப்டுக்குப் போகும் முன் தினமும் அவளோடு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய், என் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பேன். மற்ற பிள்ளைகள் தளரும் இரண்டாம் சுற்றில்தான் இவள் வேகம் எடுப்பாள். துரத்த ஆளில்லை, கைதட்ட ஆளில்லை. ஆனாலும் ஒருநாள்கூட ஒப்புக்கு ஓடியதில்லை. ஓடி முடித்ததும் என்னிடம் நேரத்தைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வாள். அவள் வயதில் எனக்கு அந்த வைராக்கியத்தில் கால்வாசிகூட இருந்ததில்லை.

விளையாட்டு விடுதிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் எடுத்தார்கள். இரண்டரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் இடம். வயது வரம்பால் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. நான் கவலையே படவில்லை. நாலு விநாடி மிச்சம் இருக்கிறதே! மில்லில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இவளுக்கு முன்னால் இன்னொரு குழு ஓடியது. என் கை சும்மா இருக்குமா? முன்னால் போன ஒருத்திக்கு, யார் பெற்ற பிள்ளையோ, செல்போனை அமுக்கினேன். மைக்கில் சொன்ன நேரமும் என் நேரமும் அப்படியே ஒத்துப்போயின. என் கை எவ்வளவு சுத்தம் என்று பெருமைப்பட்ட அடுத்த நொடியே ஒன்று உறைத்தது. அந்தப் பிள்ளைக்கு விசில் ஊதியதும் அமுக்கினேன். கோட்டைத் தாண்டும்வரை காத்திருந்து நிறுத்தினேன். என் மகளுக்கு ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. "ஓடு" என்று சொல்லி, அவள் நாலு எட்டு வைக்கும் அழகைப் பார்த்த பிறகுதான் அமுக்குவேன். கடைசியில் அவள் முகம் வலியில் சுருங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், கோட்டுக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவேன். அப்படியானால் இருபத்தாறு ஏது? முப்பதைத் தொட்டுக்கொண்டல்லவா நிற்கும்! அடிப்பாவி, பெற்ற பிள்ளையை நானே ஏமாற்றியிருக்கிறேன்.

போய்ச் சொல்லலாம் என்று எழுந்தால், அவள் அதற்குள் கோட்டில் நின்றுவிட்டாள்.

முதல் சுற்றில் நாலாவதாக வந்தாள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். நான் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, விட்டுராத! விட்டுராத!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். செல்போன் பைக்குள்ளேயே கிடந்தது. முதலாவதாக வந்தாள். மைக்கில் நேரம் சொன்னார்கள்: இரண்டு நிமிடம் இருபத்தெட்டு விநாடி.

அவள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரைகூட எனக்குப் பொறுமை இல்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்மா. நீ சொல்றதோட மூணு செகண்ட் கூட்டித்தான் நோட்டுல எழுதுவேன்."

"ஏட்டி, எப்ப இருந்து?"

"ஒம்பதாங் கிளாஸ்ல இருந்து. ஸ்கூல் போட்டியில பி.டி. சாரு சொன்ன நேரம் மூணு செகண்ட் கூட வந்துச்சு."

"பொறவு எதுக்கு என்னையத் தெனமும் கூட்டிட்டுப் போன? ஒங்க சார்கிட்ட சொன்னா அவியளே பாத்திருப்பாவல்ல?"

"சாரு நேரத்தத்தான் பாப்பாரு. நீதாம்மா என்னையப் பாக்குற."

நான் முந்தானையால் அவள் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் விடுதிக்குப் போகிறாள். அங்கே கோச் இருக்கிறார். சரியாகத்தான் நேரம் பார்ப்பார். அதுவரை நான்தான். இனிமேல் கோடு தாண்டும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டே போகிறேன். இன்று காலையும் அப்படித்தான் போனேன். கோட்டை நெருங்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் கட்டைவிரல் தானாக அமுக்கிவிட்டது.

"எம்புட்டும்மா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

"ஏட்டி, ரெண்டு இருபத்தஞ்சு!" என்று கத்தினேன்.

அவள் நோட்டை எடுத்து, இரண்டு இருபத்தெட்டு என்று எழுதிக்கொண்டாள்.