துண்டில் எழுதிய செருப்பு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கண்டிச் சந்தையில் மூட்டை சுமந்தேன். குண்டசாலையில் மூன்று ஷட்டர் வைத்த ஹார்ட்வெயார் கடை போட்டேன். கடைக்கு மேலே வீடு கட்டி, முகம் தெரிகிற மாதிரி வெள்ளை டைல்ஸ் பதித்தேன். இதில் ஒரு கல்லைக்கூட வேறு யாரும் எனக்காகத் தூக்கி வைக்கவில்லை. அதனால் யாருடைய முகத்துக்காகவும் என் கோபத்தை நான் விழுங்கிக்கொள்வதில்லை.

சென்ற வருடம் ஒரு நாள் பின்னேரம் அந்த டைல்ஸில் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தேன். சமையலறையிலிருந்து சாமி அறை வரைக்கும், இரண்டு எட்டுக்கு ஒன்று. குங்குமம் சிந்திவிட்டது என்று நினைத்துக் குனிந்து தொட்டேன். ரத்தம். உள்ளே என் மனைவி சாமிப் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டு நின்றாள்.

“காலக் காட்டு,” என்றேன்.

“எதுக்குங்க? ஒண்ணும் வலிக்கலையே.”

குதிகாலில் அரை அங்குல ஆணி தலை வரைக்கும் இறங்கியிருந்தது. காலையிலிருந்து அதன்மேல் நடந்து சோறு ஆக்கி, துணி துவைத்து, பூப் பறித்திருக்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டதென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கலண்டர் மாட்ட ஆணி அடித்தவன் நான்தான். ஒன்று கை தவறி விழுந்ததைத் தேடாமல் விட்டவனும் நான்தான். அதை மறைத்துவிட்டு ஊரைத் திட்டுவது நியாயமில்லை. இப்போதெல்லாம் ஆணி அடித்து முடித்தால் காந்தத்தைத் தரையில் ஓட்டாமல் எழுந்திருக்க மாட்டேன்.

ஆணியைப் பிடுங்கி மஞ்சள் வைத்துக் கட்டினோம். நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலை அது. ஐந்தாம் நாள் குதிகால் நீலம் பாய்ந்து வீங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒரு சிங்கள டொக்டர் பிள்ளை, என் மகள் வயசு, காயத்தைத் திறந்து பார்த்துவிட்டு தனக்குத் தெரிந்த தமிழிலேயே சொன்னாள்: “ரெண்டு நாள் லேட் ஆனா கால் வெட்டணும் ஐயா.”

பன்னிரண்டு நாள் வார்ட்டில் வைத்துக் காலைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பிள்ளை இருவரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். வீட்டுக்குள்ளேயும் செருப்பு வேண்டும். போடும் முன்னால் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். குளித்ததும் விரலிடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும். சுடுதண்ணீரில் காலை வைக்கக் கூடாது. ஆணிக்காலைச் சீவுகிறேன் என்று சவர பிளேட்டைத் தூக்கக் கூடாது. திரும்பவும் ஒரு காயம் பட்டால் இந்தக் கால் தாங்காது.

எல்லாவற்றுக்கும் என் மனைவி தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, ரோட்டையே பார்க்காத புது ரப்பர் செருப்பை வாங்கி முன்னால் வைத்தேன். பாம்பைப் பார்த்த மாதிரி நகர்ந்தாள்.

“சாமி இருக்கிற வீட்டுலயா?”

சத்தம் போட்டேன். கொஞ்சம் பலித்தது. சமையலறையில் மட்டும் போட்டாள். மறுவாரம் என் தங்கச்சி அவளைப் பார்க்க வந்தாள். வாசலில் நின்றபடியே கண்ணை உருட்டினாள்.

“என்ன அண்ணி இது! மேமாடி கட்டுனதும் அண்ணன் தொர ஆயிட்டாரா? நீங்க தொரசாணியா? அடுப்படிக்குச் செருப்போட போறீங்க!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் மனைவி அந்தக் கணமே இரண்டையும் உதறிக் கதிரைக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு தேத்தண்ணீர் ஊற்றப் போனாள். வார்ட்டிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. காலா பெரிது, நாத்தனார் வாயா பெரிது?

இதைவிடப் பெரிய அநியாயம், மருந்து கட்டப் போகிற டிஸ்பென்சரியில் இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன இடம். கதவில் பலகை: பாதணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும். உள்ளே சுவரில் ஒரு படம்: வெறுங்கால், அதன்மேல் சிவப்புக் குறுக்குக் கோடு, சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு நடக்கக் கூடாதாம். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்புத்தான். என்றாலும் இரண்டையும் சேர்த்துப் படிக்க அது போதும். வாசலில் இருபது சோடி செருப்பு. உள்ளே அப்போதுதான் கழுவிய ஈரத் தரையில் கிழடு கட்டைகள் சுவரைப் பிடித்து நடக்கிறார்கள்.

“மாத்தயா, செருப்ப வெளிய வைங்க. இப்பதான் தரை கழுவினது,” என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை.

“மருந்து கட்டுறது தரைக்கா, இவ காலுக்கா?”

“எல்லாரும் கழட்டுறாங்கதானே.”

“எல்லாரும் கால வெட்டிக்கிட்டா இவளும் வெட்டிக்கணுமா?”

என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “விடுங்க, மானம் போகுது.” நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று ஒன்று விளங்கியது. என் தொண்டைக்கு இந்த ஊரில் ஒருவரும் பயப்படுவதில்லை, கட்டியவள் உட்பட. ஆனால் டொக்டர் எழுதிக் கொடுக்கிற துண்டுக்கு எல்லாருக்கும் பயம். அந்தக் கோழிக் கிறுக்கலை ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது, இருந்தும் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைப்பார்கள். அதில் எழுதியிருந்தால் வேப்பெண்ணெயைக்கூட மூன்று வேளை குடிப்பார்கள்.

அடுத்த கிளினிக் நாளில் அந்த டொக்டர் பிள்ளையிடம் கேட்டேன்: “மகள், செருப்பயும் துண்டுல எழுதிக் குடுங்க.”

அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “செருப்பு மருந்து இல்லையே ஐயா.”

“இவளுக்கு மருந்துதான். இல்லாட்டிப் போட மாட்டா. நீங்க காப்பாத்துன காலு, நீங்களே பாத்துக்குங்க.”

சிரிப்பு நின்றது. எழுதினாள். மூன்று பாஷையிலும் எழுதினாள். தமிழுக்குப் பக்கத்து மேசை நேர்ஸைக் கேட்டு எழுதினாள். செருப்பு, நாள் முழுக்க, வீட்டிலும் வெளியிலும், நிறுத்தக் கூடாது. அடியில் கையெழுத்து, சீல்.

பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரை என் மனைவி அந்தத் துண்டை நாலு தரம் எடுத்துப் பார்த்தாள். மறுநாள் காலை குளிசையைப் போட்டாள், தண்ணீர் குடித்தாள், செருப்பை மாட்டினாள். சாமி அறை வாசல் வரைக்கும் அதோடு போனாள். உள்ளே போக மட்டும் புதுசாக ஒரு சோடித் துணிச் செருப்புத் தைத்து வைத்துக்கொண்டாள். அதற்கும் அந்தத் துண்டே போதும் என்றாள். என் தங்கச்சி மறுபடி வந்தபோது வாயைத் திறக்கும் முன்னமே துண்டு அவள் மூக்குக்கு நேரே நின்றது.

டிஸ்பென்சரிப் பிள்ளை அதை இரண்டு தரம் வாசித்தாள். சீலைத் தடவிப் பார்த்தாள். “சரி அம்மா, நீங்க மட்டும் போங்க.”

நீங்க மட்டும்! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பலகை அதே இடத்தில், படம் அதே இடத்தில். உள்ளே நேர்ஸ் கட்டை அவிழ்த்து, காயம் மூடிவிட்டது, இனிக் கட்டுத் தேவையில்லை என்றாள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் நானா, வயசாளி, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, பெருவிரலில் கட்டோடு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நானா, கழட்டாதீங்க. போட்டுக்கிட்டே போங்க,” என்றாள் என் மனைவி.

அவர் கவுண்டரை எட்டிப் பார்த்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். “எனக்கிட்டத் துண்டு இல்லியே தங்கச்சி.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தன் துண்டை மடித்து அவர் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

“கேட்டா இதக் காட்டுங்க. பேர யாரும் பாக்க மாட்டாங்க. சீலத்தான் பாப்பாங்க.”