சிபாரிசுக் கடிதமும் நான் கொண்டுபோன தாம்பாளமும்

எட்டு நாள் என் மகள் என்னோடு பேசவில்லை. சோறு வைத்தாள். குளிக்க வெந்நீர் போட்டாள். மழை வந்தால் குடையை எடுத்து வாசலில் சாய்த்து வைத்தாள். ஆனால் ஒரு வார்த்தை இல்லை. இந்தத் தேவர்சோலைப் பக்கத்தில் என்னை எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு. என்னோடு பேசாமல் இருந்தவர்கள் கிடையாது. அந்த எட்டு நாளில்தான் நான் முருகனை ஒழுங்காகக் கும்பிடக் கற்றுக்கொண்டேன். அதை அடியார்களாகிய உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டிச் சீமையிலிருந்து, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, கப்பலேறி வந்தபோது எனக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினாலு வயதில் தேயிலைக் கொழுந்து மூட்டை சுமந்தேன். இன்று எனக்கு நாலு ஜீப் ஓடுகிறது. சிறு விவசாயிகள் பறிக்கிற பச்சைத் தேயிலையை வாங்கி ஃபேக்டரிக்குக் கொண்டுசேர்க்கிற ஏஜெண்டு நான். என் ஜீப் கேட்டில் நுழைந்தால் எடை போடுகிறவர் எழுந்து நிற்பார். நம் காலனி முருகன் கோயிலுக்குத் தகரக் கூரை போட்டது நான். மைக் செட் வாங்கிக் கொடுத்ததும் நான். யாரும் எனக்கு எதையும் சும்மா தரவில்லை.

எனக்கு ஒரே மகள், சுகந்தி. கூடலூரில் ஒரு வங்கியில் ஆபீசர். அவள் வேலையில் சேர்ந்த அன்று காலனி முழுக்க லட்டு கொடுத்தேன். அந்த வேலையைத்தான் விடப்போகிறேன் என்று ஒருநாள் சொன்னாள். பிசினஸ் ஸ்கூலில் இரண்டு வருஷம் படித்துவிட்டு கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போக வேண்டுமாம்.

ஏன் என்று கேட்டேன். மலைச்சரிவிலிருந்து வயதானவர்கள் ஒரு நாள் பறிப்பை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து, பணம் வந்துவிட்டதா என்ற ஒரே கேள்விக்காக வங்கி வரிசையில் நிற்கிறார்கள் என்றாள். "அவங்க வரவே வேண்டியதில்லப்பா. போனக் காதுல வச்சா நம்ம பேச்சுலயே பதில் வரணும். அதச் செய்யற எடத்துக்கு நான் போகணும்." அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன். அந்த வரிசையில் நின்ற பாதிப் பேர் என் ஜீப்புக்குக் கொழுந்து போடுகிறவர்கள்.

விடியற்காலையில் எழுந்து படித்து நுழைவுத் தேர்வு எழுதினாள். நல்ல மார்க். அப்புறம் கட்டுரைகள். எதற்காக இந்தப் படிப்பு, எதற்காக இந்த வேலைமாற்றம் என்று எழுதி எழுதிக் கிழித்தாள். ஒரு கட்டுரையைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். அதில் என் முதல் ஜீப் வந்தது. நான் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்தபின் ஒன்றுதான் பாக்கி. இப்போது அவளுக்கு மேலே இருக்கிற மேனேஜர், இவள் இப்படிப்பட்டவள் என்று ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதி நேராக அந்த பிசினஸ் ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டும். கடைசித் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

அங்கேதான் நான் நுழைந்தேன்.

கண்டிச் சீமைத் தோட்டத்தில் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் துரையிடம் பத்துச்சீட்டு வாங்க வேண்டும். இவர் இங்கே வேலை செய்தார், இவரை விடுவிக்கிறோம் என்ற சீட்டு. அது இல்லாதவரை அடுத்த தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். அதைக் கேட்கக் குடும்பத் தலைவன்தான் போக வேண்டும். வெள்ளை வேட்டி கட்டி, வெற்றிலை பாக்கு பழத்தோடு என் அப்பா துரை பங்களா வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளையை அனுப்பிக் கேட்டால் குடும்பத்துக்கு மரியாதை இல்லை. இதுவும் அதுதான் என்று நினைத்தேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சந்தை நாள். வங்கி நிறையக் கூட்டம். பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்புப் பழம், முதல்தரத் தேயிலை இரண்டு பாக்கெட், ஒரு சால்வை. நேராகப் போய் மேனேஜர் மேசையில் வைத்தேன். என் குரல் இரண்டு மலைக்குக் கேட்கும். "எம்புள்ள படிக்கப் போகுதுங்க சார். நல்ல பத்துச்சீட்டு ஒன்னு எழுதிக் குடுங்க" என்றேன். சுகந்தி தன் இடத்தில் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் கோயமுத்தூர்க்காரர். மெதுவாகத்தான் சொன்னார். "ஏனுங்க பெரியவரே, மொதல்ல இத எடுத்துருங்க. மேல கேமரா ஓடிட்டிருக்குதுங்க."

மகள் அம்மாவிடம் சொல்லித்தான் சாயங்காலம் எனக்கு விஷயம் தெரிந்தது. அவள் போவதில் அவருக்கு வருத்தமில்லை. ஆனால் ஊர் பார்க்கத் தாம்பாளம் வந்த பிறகு அவர் கடிதம் எழுதினால் அது லஞ்சத்துக்கு எழுதியதாக ஆகும். அதனால் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். நேர்மையான மனிதர். அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வருஷம் போச்சு.

சுகந்தி ஒரே ஒரு வரி சொன்னாள். "அவர்கிட்ட நான் கேக்கறதுக்கு ஒரு நாள் பார்த்து வச்சிருந்தேம்பா." அதோடு பேச்சு நின்றது.

என் வீட்டுக்காரி விடவில்லை. "சாமிக்குக் கூர போடத் தெரியுது. பெத்த புள்ளைய ஒரு வார்த்த கேக்கத் தெரியலியே ஒங்களுக்கு" என்றாள்.

கோயிலுக்குப் போனேன். கூரையைச் சொன்னேன், மைக் செட்டைச் சொன்னேன், தைப்பூச அன்னதானத்துக்கு வருஷா வருஷம் கொடுக்கிற அரிசி மூட்டையைச் சொன்னேன். இவ்வளவு செய்தவனுக்கு ஒரு கடிதம் வாங்கித் தரக் கூடாதா என்று கேட்டேன். நாலு நாள் இதே பாட்டு. ஒன்றும் நடக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பேய் மழை. நான் போட்ட தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இந்தக் குரல் கேட்காமல் போனது என் ஆயுசில் அன்றுதான். வாயை மூடிக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். அப்போதுதான் உறைத்தது. கொடுத்ததை எல்லாம் சொன்னேனே, செய்த தப்பை ஒரு தடவையாவது சொன்னேனா? முருகா, தப்பு என்னுது, எம்புள்ளைய இதுல இருந்து எடுத்துவிடு என்றேன். அழுகை வந்தது. அழுது முடித்தபோது மனசு தெளிந்திருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று யாரோ கையில் கொடுத்த மாதிரி இருந்தது. எழுது.

என் கை எழுதியதெல்லாம் எடையும் கையெழுத்தும்தான். ஆனாலும் அன்று வீட்டில் உட்கார்ந்து, சோற்று நேரம்வரை மேனேஜருக்கு எழுதினேன். நிறையத் தாளைக் கிழித்தேன். தாம்பாளம் கொண்டுவந்தது நான். மேனேஜர் வெற்றிலையைக்கூடத் தொடவில்லை. எம்மகளுக்கு இது தெரியாது. எம்மக என்னை அனுப்பவில்லை, எம்மக மேல் தப்பில்லை. எங்கள் தோட்டப் பழக்கத்தை நினைத்து அறியாமல் செய்தேன். அவ்வளவுதான் எழுத்து.

மறுநாள் வெறுங்கையோடு போனேன். டோக்கன் எடுத்து வரிசையில் நின்றேன். சுகந்தி அன்று வங்கி வேலையாகக் கிராமத்துப் பக்கம் போயிருந்தாள். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். பத்துச்சீட்டு என்றால் என்னவென்று கேட்டார். அப்பா துரை வாசலில் நின்ற கதையைச் சொன்னேன். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இத நான் மேல அனுப்பறேனுங்க. அவங்க சரின்னாத்தான் எழுத முடியும். இப்ப உறுதி சொல்ல மாட்டேன்."

வீட்டில் சொல்லவில்லை. முருகனிடம் மட்டும் சொன்னேன். அன்று போச்சு. மறுநாளும் போச்சு. கடைசி நாள் மத்தியானம் நாடுகாணிப் பக்கம் கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அப்பா" என்றாள். எட்டு நாளைக்கு அப்புறம். "மேனேஜர் அனுப்பிட்டாருப்பா. இப்பத்தான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒங்க லெட்டர எனக்குக் காட்டுனாரு. இத்தன சின்ன தாள்ல எத்தன எடத்துல எம்மக, எம்மகன்னு எழுதியிருக்கீங்க."

ரோட்டோரம் கொழுந்து மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏற்றுகிற ஆட்கள் என்ன என்று பார்த்தார்கள். கண்ணில் தூசி என்றேன். மழையில் என்ன தூசி என்று ஒருத்தி சிரித்தாள்.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். இடமும் கிடைத்தது. போன வருஷம் சேர்ந்துவிட்டாள். லீவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பயிற்சிக்கும் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் அப்படிப் போனது என் மகள்தான் என்பதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? அதை மட்டும் விட முடியவில்லை. மற்றபடி மாறித்தான் இருக்கிறேன். அவள் காரியத்தில் அவளைக் கேட்காமல் கால் வைப்பதில்லை. கோயிலில் என் பெயர் போட்ட பலகையைக் கழற்றிவிட்டேன். இந்த அனுபவத்தையும் நானே எழுதினேன். பிழைகளை மகள் போனில் பார்த்துத் திருத்தினாள்.

அடியார்களே, என் முருகன் கடிதத்தை ஆகாயத்திலிருந்து போடவில்லை. எனக்குள்ளே கனத்துக் கிடந்ததை இறக்கிவைத்தான், அவ்வளவில் வழி திறந்தது. உங்களுக்கும் திறப்பான்.

வருகிற வைகாசி விசாகத்துக்கு சுகந்தி வருகிறாள். கோயிலுக்கு இந்தத் தடவை என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டேன். "ஒன்னும் வேணாம்பா. சும்மா வந்து எம்பக்கத்துல நில்லுங்க" என்றாள். அப்படித்தான் நிற்கப்போகிறேன். மனசில் பாரம் உள்ளவர்கள் வாருங்கள். எங்கள் பக்கத்தில் இடம் இருக்கிறது.