கிரகணத்தன்று அம்மா தூங்கினாள்

என் தம்பியை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிரகணத்துப் பிள்ளை என்பார்கள். அவன் காதில் விழுவதைவிட அம்மா காதில் விழ வேண்டும் என்றே சொல்வார்கள். இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உறையூரில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் அப்பா, இன்னொன்றில் கல்யாணமாகாத சித்தப்பா. வீட்டை ஆண்டவர் அப்பாவின் அக்கா, என் அத்தை. இரண்டு தறிக்கும் நூலை ராட்டையில் சின்னச் சின்னக் குச்சிகளில் தாராகச் சுற்றிக் கொடுத்தது அம்மா ஒருத்திதான்.

தம்பி வயிற்றில் இருந்தபோது எனக்கு எட்டு வயது. விடிவதற்கு முன்பே அம்மா தெருக்குழாயில் நிற்பாள். வயிறு இடித்ததால் குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் தலையில் தூக்கி வருவாள். பிறகு தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் பூசக் கஞ்சி காய்ச்ச வேண்டும், ஐந்து பேருக்குச் சமைக்க வேண்டும், அதன்பின் இருட்டும்வரை ராட்டை. ஒருநாள் மதியம் சுவரில் சாய்ந்து கண் அசந்தவளை அத்தை தோளில் தட்டி எழுப்பினார். பகலில் தூங்கினால் பிள்ளைக்குத் தலை பெருத்துவிடுமாம். குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால்தான் சுகப்பிரசவமாம். கொஞ்சம் நடமாட்டம் நல்லது என்று டாக்டர்களும்தான் சொல்கிறார்கள். அம்மா செய்தது நடமாட்டமா? மாட்டுக்குக்கூட மத்தியானம் நுகத்தை அவிழ்த்துவிடுவார்கள்.

ஏழாம் மாதத்தில் சூரிய கிரகணம் வந்தது. அன்று காலையில்தான் எங்கள் வீட்டாருக்கு அம்மா பிள்ளைத்தாச்சி என்பது நினைவுக்கு வந்தது. தறிகளை நிறுத்தினார்கள். ஜன்னலைச் சாக்கால் மறைத்து, அவளை உள்ளறையில் உட்கார வைத்தார்கள். நூலைத் தொடக்கூடாது, உடம்பைச் சொறியக்கூடாது, சாப்பிடக்கூடாது, தூங்கவே கூடாது. எனக்குக் காவல் வேலை.

"அம்மா கண்ணை மூடினா உலுக்கி எழுப்பிடணும், தெரியுதா?" என்று சொல்லிவிட்டு அத்தை கதவைச் சாத்தினார்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மா தரையில் சரிந்து, ஒருக்களித்து, லேசாகக் குறட்டைவிட ஆரம்பித்தாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை. எழுப்பக் கையை நீட்டினேன். அப்புறம் மடக்கிக்கொண்டேன். அவள் முகம் யாரோ வேறொரு பெண்ணின் முகம்போல இருந்தது. கிரகணம் விடும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்த அத்தை, தூங்கினாளா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு பொய் சொல்லத் துப்பில்லாத கழுதையாக இருந்தேனே என்று என்னை நானே திட்டாத நாள் குறைவு.

தம்பி குறை மாதத்தில், எலிக்குஞ்சு மாதிரி பிறந்தான். இரண்டு வயதிலேயே இளைப்பு. பனி விழுந்தால் போதும், விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். அவன் மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் அத்தை அம்மாவைப் பார்த்து, கிரகணத்தில் தூங்கினால் வேறு எப்படி இருக்கும் என்பார். பார்க்க வந்த சொந்தக்காரர்களும் ஆமாம் போட்டுவிட்டுக் காப்பி குடித்துப் போவார்கள். அப்பா தறியிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார். எனக்கு அத்தையைவிட அவர் மேல்தான் ஆத்திரம்.

தம்பிக்கு ஒன்பது வயதானபோது இளைப்பு முற்றிவிட்டது. அவனைப் பஸ்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டரம்மா, பிறந்தபோது எப்படி இருந்தான், அம்மா என்ன வேலை செய்தாள் என்றெல்லாம் விசாரித்தார். குடத்திலிருந்து கிரகணம்வரை கொட்டித் தீர்த்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. வீட்டுல பஞ்சுத் தூசியும் இருக்கு. ஆனா வயித்துப் பிள்ளையோட அவ்வளவு பாரம் தூக்கி, தூக்கமும் இல்லாம இருந்தா, பிள்ளை எடை குறைஞ்சு முன்கூட்டியே பிறக்கலாம். அப்படிப் பிறந்தா நெஞ்சு பலவீனமா இருக்கலாம். அன்னைக்கு அவங்க தூங்கினதுல ஒரு தப்பும் இல்ல. தினமும் தூங்கியிருக்கணும்."

வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்து, எல்லார் முன்னாலும் அதை அப்படியே ஒப்பித்தேன். தறிச் சத்தம் நின்றது. படித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டு அத்தை கொல்லைப்புறம் போனார். அப்பா ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். தறிச் சத்தம் மறுபடி கேட்டது.

அம்மா அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ராட்டையை நிறுத்தாமல், மெதுவான குரலில் சொன்னாள்.

"டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? அன்னைக்குத் தூங்கின மாதிரி நான் அதுக்கு முன்னாடியும் தூங்கினதில்ல, அப்புறமும் தூங்கினதில்ல. அவ்வளவு சுகமா இருந்துச்சு. அந்த மாதிரி ஒரு சுகம் நமக்குச் சும்மா கிடைக்குமா?"

எனக்கு வந்த கோபத்தில் தார்க் கூடையை எட்டி உதைத்தேன். கூடம் முழுக்கத் தார்கள் உருண்டு ஓடின. அம்மா ராட்டையை விட்டு எழுந்தாள். தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். தம்பியும் மூச்சு வாங்க வாங்க அவளோடு சேர்ந்து பொறுக்கினான்.