கிராணி வீட்டுப் பீர்

என் வீட்டுக்காரர் பீர் தயாரிக்கத் தொடங்கிய காலத்தில் எங்கள் ரப்பர், செம்பனைத் தோட்டத்தில் குடிப்பதற்கு எந்தக் குறையும் இல்லை. தோட்டத்துக் கள்ளுக்கடை மாலை தவறாமல் திறந்தது. சாலையோரச் சீனர் கடையில் பீர் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. செம்பனைக் காட்டுக்குள் யார் சம்சு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்பது போலீசைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இத்தனையும் போதாதென்று, கோலசிலாங்கூருக்கும் புக்கிட் பெலிம்பிங்குக்கும் இடையில் இருந்த அந்தத் தோட்டத்தின் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி வீட்டிலும், அதாவது எங்கள் வீட்டிலும், ஒரு தயாரிப்பு ஆரம்பமானது.

அதற்குக் காரணம் ராவாங்கில் இருந்த அவருடைய பள்ளித் தோழர். தோழரை அவர் வேலை செய்த தொழிற்சாலை பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியது. திரும்பி வரும்போது மெஷினைப் பற்றி என்ன கற்றுக்கொண்டு வந்தாரோ தெரியாது, பீர் தயாரிக்கும் சாமான்களைக் கொண்டு வந்தார். தகர டின்னில் பாகு மாதிரிக் கெட்டியான மால்ட், ஒரு பொட்டலம் ஈஸ்ட், பாட்டிலுக்கு மூடி அழுத்துகிற ஓர் இரும்புக் கருவி. அங்கே வெள்ளைக்காரன் ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே பீர் செய்து குடிக்கிறானாம். தோழருக்கு ஒரே தடவையில் அலுத்துவிட்டது. அலுத்ததையெல்லாம் கட்டி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார்.

"பீரு காய்ச்சப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"காய்ச்சுறது சம்சு. இது தயாரிக்கிறது" என்றார்.

அந்த வித்தியாசத்தை அவர் கடைசிவரை விடவில்லை. காட்டுக்குள் காய்ச்சுகிறவன் சட்டை போடுவதில்லை, இவர் போட்டிருந்தார். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

செய்முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. மால்ட்டைச் சீனியோடு வெந்நீரில் கரைத்து, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, ஆறியதும் ஈஸ்டைத் தூவி மூடி வைக்க வேண்டும். அது நுரைத்துப் பொங்கி அடங்கிய பிறகு ரப்பர் குழாய் வழியாகப் பாட்டிலில் இறக்கி, ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் சீனி போட்டு, மூடியை அழுத்த வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், இதெல்லாம் குளிர் நாட்டுக்காக எழுதிய முறை. எங்கள் ஊரிலோ மதிய வெயிலில் நாய்கூட வெளியே போகாது. ஆகவே தொட்டியை ஈரச் சாக்கால் சுற்றிக் குளியலறைச் சிமெண்டுத் தொட்டியின் தண்ணீரில் இறக்கி வைத்தார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் வேளா வேளைக்குக் குளித்தது பீர்தான். நானும் பிள்ளைகளும் வெளியே குழாயடியில் வாளி வைத்துக் குளித்தோம்.

பாட்டில்களைக் கழுவியது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன், நான்தான். பழைய சாமான்காரரிடம் சாக்குக் கணக்கில் வாங்கி வருவார். உள்ளே கரப்பான் பூச்சி செத்துக் கிடக்கும். பிரஷ் விட்டுத் தேய்த்து, வெந்நீரில் போட்டெடுத்து, வேலிக் குச்சிகளில் கவிழ்த்துக் காய வைப்பேன். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கிராணி வீடா, கள்ளுக்கடையின் கிளையா என்று சந்தேகம் வந்திருக்கும்.

முதல் தடவை சீனியை அள்ளிப் போட்டுவிட்டார். நமக்குத் தேநீரிலேயே கரண்டி நிற்க வேண்டும், பீருக்கு மட்டும் கை சுருங்குமா? சமையலறை மூலையில் இரண்டு பாட்டில்கள் தீபாவளி வெடி மாதிரி வெடித்தன. பூனை ஒரு வாரம் வீட்டுக்கு வரவில்லை. அவர் சளைக்கவில்லை. கோலாலம்பூரில் மால்ட் டின் விற்கும் கடையைக் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அரைக் கால்சட்டையோடு அந்தத் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியில் காதை வைத்துக் கேட்பார். பிள்ளைகள் என் வயிற்றில் இருந்தபோது ஒருநாளாவது அப்படிக் காதை வைத்துக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையில் தன் கையால் செய்த ஒரே பொருள் அதுதான். ஆபீசில் அவர் எழுதியதெல்லாம் துரையின் கையெழுத்தோடு வெளியே போயிற்று. ரப்பர் வெட்டுவதும் செம்பனைக் குலை இறக்குவதும் வேறு யாரோ. பீர் மட்டும்தான் அவருடையது. அது நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எப்படி அலைந்தார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

சொல்லவும் சொன்னார்கள். பிரச்சினையே அதுதான். தோட்டத்தில் கிராணி என்றால் லேசான ஆள் இல்லை. காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது யார் வந்தார், யாருக்கு இன்று பேர் விழும், கூலி உண்டு என்று செக்ரோல் பதிவேட்டில் எழுதுகிற பேனா அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு கிளாஸ் நீட்டினால், அதில் விளக்கெண்ணெய் இருந்தாலும் அமிர்தம் என்றுதான் சொல்வார்கள்.

முதலில் வந்தவர் மண்டோர், ஆட்களை வேலைக்கு ஓட்டுகிறவர். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படி மண்டோரே?"

"என்னாத்தச் சொல்றது ஐயா! கடைச் சரக்கெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும் லா."

மறுநாள் காலையில் மண்டோரின் தங்கை மகனுக்குக் குலை வெட்டும் கேங்கில் இடம் வேண்டும் என்று கோரிக்கை வந்தது. அவருக்குப் பின்னால் லோரி டிரைவர் வந்தார், தண்ணீர் பம்ப் பார்க்கிறவர் வந்தார். எல்லோரும் ஒரு கிளாஸ் குடித்தார்கள், எல்லோரும் புகழ்ந்தார்கள், ஒருவர்கூட இரண்டாவது கிளாஸ் கேட்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவருக்கு அது உறைக்கவேயில்லை.

ஒரு ஞாயிறு, அவர் உள்ளே பாட்டில் எடுக்கப் போன நேரத்தில், மண்டோர் எழுந்து வந்து கிளாசில் இருந்ததை என் வாழை மரத்தடியில் ஊற்றினார். நான் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்துக் கும்பிட்டார். அவர் போன பிறகு வீட்டுக்காரரிடம் சொன்னேன். எனக்குக் கோபம் மண்டோர் மேல் இல்லை. நான் தேய்த்துக் கழுவிய பாட்டில், நான் இழந்த குளியலறை, எல்லாம் வாழைக்குப் போகிறதே என்றுதான்.

அவர் போய் வாழை மரத்தடியை எட்டிப் பார்த்தார். பிறகு, "என்கிட்ட வேல ஆக வேண்டாத ஒரு ஆளுதான் இதக் குடிச்சுப் பாத்துச் சொல்லணும்" என்றார்.

"தொரைக்குக் குடுங்களேன்."

"தொரைக்குக் குடுத்தா நான் என்னமோ கேக்க வந்திருக்கேன்னு நெனப்பாரு லா."

அதுவும் உண்மைதான். தோட்டத்தில் கிராணியிடம் காரியம் ஆக வேண்டாதவர் என்று யார்தான் இருந்தார்? யோசித்து யோசித்துக் கடைசியில் அவர் கண்டுபிடித்த ஆள் முனியாண்டி.

எங்கள் தோட்டத்து எல்லையில், பெரிய ஆலமரத்தடியில் முனியாண்டிக்குக் கோயில் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை உச்சி வேளையில் பூசை. ஆடு, கோழி, சுருட்டு, பீர் எல்லாம் படைப்பார்கள். மருந்தடிக்கும் கேங்கில் வேலை செய்த ஒருவர் மேல் சாமி இறங்கும். சாதாரண நாளில் அவர் சொட்டுக்கூடத் தொடாதவர், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவார். சாமி வந்துவிட்டால் படைத்த பாட்டில்களை வரிசையாகக் குடித்துவிட்டுத் தள்ளாடாமல் நிற்பார். யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்கமாட்டார். முந்தின வருடம் ஆடு வாங்கியதில் கமிஷன் அடித்ததை மண்டோரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட சாமிக்குச் செக்ரோலில் ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

"சாமிகூடவா வெளையாடறது?" என்றேன். பயமாகத்தான் இருந்தது.

"வெளையாட்டு இல்ல. படையல்" என்றார். அதிலும் ஒரு வித்தியாசம் வைத்திருந்தார்.

பூசை அன்று அவர் வெள்ளை வேட்டி கட்டி, இருப்பதில் நல்ல பாட்டில்களாகப் பொறுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துக் கடைப் பாட்டில்களின் நடுவில் நிறுத்தினார். உறுமி மேளம் ஏறியது. சாமி இறங்கியது. சுருட்டைப் பற்ற வைத்தது. கடைப் பாட்டில் இரண்டைக் குடித்தது. பிறகு கை எங்கள் பாட்டிலுக்கு வந்தது. மூடியை என் வீட்டுக்காரரே திறந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சாமியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாவது பிள்ளைக்குப் பரீட்சை முடிவு வந்த அன்றுகூட அவர் அப்படி நின்றதில்லை.

சாமி ஒரு வாய் குடித்தது. நிறுத்தியது. பாட்டிலைத் தூரப் பிடித்துப் பார்த்தது. வாயில் இருந்ததைத் தரையில் துப்பியது. மேளக்காரர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

"டேய் கிராணி! என்னாடா இது? ஊசிப்போன கஞ்சியா? இதக் குடிச்சிட்டு ஒன் எல்லைய நான் எப்படிடா காக்குறது? கொண்டாடா கடச் சரக்க!"

அப்புறம் மண்டோர் கன்னத்தில் போட்டுக்கொண்டே, "சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான், மடை உடைந்தது. "எனக்கு ரெண்டு நாளா வயித்தால போச்சு சாமி" என்றார் லோரி டிரைவர். "எனக்குத் தலைய ஒடச்சிருச்சு சாமி" என்றார் பம்ப்காரர். மாதக்கணக்கில் புகழ்ந்த வாய்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முனியாண்டியிடம் முறையிட்டன. கிராணியிடம் யாரும் சொல்லவில்லை, சாமியிடம்தான் சொன்னார்கள். அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்போது அவரைப் பார்த்தேன். திறந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அன்று ஆட்டுக்கறி வீடு தேடி வந்தது, அவர் தொடவில்லை.

மறுநாள் சாயங்காலம் சாமியாடினவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம். நடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனிதருக்கு முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நான் சொல்லலீங்க ஐயா. சாமி சொன்னது. எனக்கு ஒன்னுமே ஞாபகம் இல்ல. செக்ரோல்லருந்து எம் பேர எடுத்துறாதீங்க."

"பேரையெல்லாம் யாரும் எடுக்கல. உள்ள வா, உக்காரு" என்றார் இவர். நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டுக்கொண்டார். "சாமி துப்பிச்சு, சரி. ஏன் துப்பிச்சு? புளிப்பா, கசப்பா? அதச் சொல்லு."

"தெரியலீங்க ஐயா."

"ஒரு வாய் வச்சுப் பாரு."

"நான் தொடறதில்லீங்களே."

"குடிக்க வேணாம். நாக்குல வச்சுப் பாத்தாப் போதும். உண்மையச் சொல்லு, எனக்கு அது போதும்."

கெஞ்சினார். என் வீட்டுக்காரர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அந்த மனிதர் கிளாசை வாங்கி உதட்டை நனைத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்லாருக்குங்க ஐயா. ரொம்ப நல்லாருக்கு லா."

"அப்ப சாமி ஏன் துப்பிச்சு?"

அவர் கிளாசை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சாமிக்கு ருசி தெரியலீங்க போல" என்றார்.

சொல்லிவிட்டுக் கும்பிட்டபடியே படியிறங்கிப் போனார். வேலைக்குப் பயந்து தன் மேல் இறங்குகிற சாமியையே விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. இவர் அந்தக் கிளாசைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முன்தினம் அத்தனை பேர் முறையிட்டபோதுகூட அவர் முகம் அவ்வளவு வாடியிருக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. போய்க் கிளாசை எடுத்தேன். ஒரு வாய் நன்றாகக் குடித்தேன்.

"புளிச்சுப் போச்சு" என்றேன். "சீனியும் தூக்கல். முழுங்கின பெறகு ஈஸ்ட் நாத்தம் அடிக்குது."

நிமிர்ந்து பார்த்தார். "பீரப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்?"

"ஒவ்வொரு பிள்ள பெத்தப்பவும் ஒங்கம்மாதானே ஒடம்புக்கு நல்லதுன்னு தெனமும் கறுப்புப் பீரு ஊத்திக் குடுத்தாங்க. நல்ல சரக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எம் பேரு ஒங்க செக்ரோல்ல இல்ல. நீங்க என்னயத்தான் கேக்கல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

"எந்த மாதிரிப் புளிப்பு? மோருப் புளிப்பா, மாங்காப் புளிப்பா?"

கல்யாணமான நாளிலிருந்து, என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தது அன்றைக்குத்தான். நான் அவசரப்படவில்லை. இன்னொரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மோர் என்று சொன்னேன்.