பரிவுப் பிரிவின் தலைவி

என் அண்ணி நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அறுவை சிகிச்சை வார்டில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவர். கட்டிலிலிருந்து சரிந்த கனத்த ஆள் ஒருவரைத் தாங்கிப் பிடித்ததில் முதுகுத்தண்டில் டிஸ்க் விலகிவிட்டது. "நின்னுக்கிட்டே செய்யற வேலை இனிமே வேண்டாம் சிஸ்டர்" என்று கூட வேலை பார்த்த டாக்டரே சொல்லிவிட்டார். அண்ணி மாதக்கணக்கில் வீட்டில் படுத்துக் கிடந்தார். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவர் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டுத்தான் முதுகுவலி வயிற்றுக்கும் பரவியது என்று அண்ணி இன்றைக்கும் சொல்வார். நான் அதே வீட்டின் மாடியில் குடியிருப்பதால் அந்தச் சமையலுக்கு நானும் சாட்சி.

அப்போதுதான் புதிதாக வந்த ஒரு மருத்துவ கம்பெனி நர்ஸ்களைத் தேடிக்கொண்டிருந்தது. ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வரும், டாக்டர் போனிலேயே பேசுவார், மருந்து வாசலுக்கு வந்துவிடும் என்று ஊரெல்லாம் விளம்பரம். போனில் கூப்பிடும் நோயாளிகளுக்கு வழிகாட்ட அனுபவமுள்ளவர்கள் வேண்டும். உட்கார்ந்தபடி பார்க்கும் வேலை. இதைவிட என்ன வேண்டும் என்று அண்ணி சேர்ந்துவிட்டார்.

முன்பு சோபா விற்ற கடைதான் அலுவலகமாகியிருந்தது. முழுக்கக் கண்ணாடி. நாற்காலிகளில் பாதியை எடுத்துவிட்டு, உட்கார்வதற்கு வண்ண வண்ணமாக பீன் பேக் மூட்டைகளைப் போட்டிருந்தார்கள். முதல் நாள் அதில் உட்கார்ந்த அண்ணியை இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. சுவரில் ஆளுயர எழுத்தில், 'இது வேலை அல்ல, குடும்பம்.' அதனால் யாரும் யாரையும் சார், மேடம், சிஸ்டர் என்று கூப்பிடக் கூடாது. எல்லோரும் தோழன், தோழி. கம்பெனியைத் தொடங்கியவனுக்கு முப்பது வயதிருக்கும்; அவனை 'நண்பா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவனே சொல்லியிருந்தான். அவன் கேட்டுக்கொண்டபடியே நானும் மரியாதை விகுதியை விட்டுவிட்டேன்.

காலையில் உள்ளே நுழைந்ததும் இன்றைக்கு மனசு எப்படி என்று ஒரு திரை கேட்கும். சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், வாடிய முகம். ஒன்றை அழுத்த வேண்டும். இரண்டாம் நாள் அண்ணி உள்ளதை உள்ளபடி வாடிய முகத்தை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து பக்கத்தில் மண்டியிட்டு, "உங்க எதிர்மறை எண்ணம் எங்கேருந்து வருதுன்னு சேர்ந்து தேடலாமா தோழி?" என்று கேட்டாள்.

"முதுகுலேருந்து" என்றார் அண்ணி.

அதன்பின் அவரும் எல்லோரையும் போல் சிரித்த முகத்தையே அழுத்தினார்.

கம்பெனி காட்டுச்செடி போல் வளர்ந்தது. வாரத்துக்கு வாரம் புது முகங்கள். மேல் மாடியையும் பிடித்தார்கள். கழிப்பறை மட்டும் சோபாக் கடைக்காரர் கட்டிய இரண்டுதான். மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். தரை எப்போதும் ஈரம். கதவில், 'சுத்தமே ஆரோக்கியம்.' புகார் செய்தவர்களுக்கு, வளரும் குடும்பத்தில் இப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்தது.

அண்ணியின் பக்கத்து இருக்கையில் ஒரு பையன். அதற்கு முன் போன் கடையில் வேலை பார்த்தவன் என்பதால் எல்லோரும் அவனை சிம்கார்டு என்பார்கள். விதியை மீறி அண்ணியை 'அக்கா' என்று ரகசியமாகக் கூப்பிடுவான். வந்த புதிதில் அவன்தான் கணினியில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். அழைப்பவர் என்ன சொன்னாலும், கடைசியில் உடல் முழுவதையும் பரிசோதிக்கும் 'முழுக்கவசம்' என்ற திட்டத்தை அவர் தலையில் கட்டிவிட வேண்டும். இவர்களுக்கு மேலே இருந்தவரின் பட்டம் 'கோச்'. "பயத்தைத் தொட்டு விடுங்க, அப்புறம் அவங்களே கேப்பாங்க" என்பது அவர் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஒருமுறை எதிர் வரிசைப் பெண்ணுக்குக் கடும் காய்ச்சல். அழைப்பவர் காதில் விழாதபடி ஒலியை நிறுத்திவிட்டு, குப்பைக்கூடையில் வாந்தி எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள். அண்ணி எழுந்து போய் அவளுடைய காதுமாட்டியைக் கழற்றி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் கோச் அந்தப் பெண்ணை மேடைக்கு அழைத்து, அர்ப்பணிப்புக்கு அடையாளம் என்று கேக் வெட்ட வைத்தார். அவள் கன்னத்தில் கிரீமை அப்பிப் படம் எடுத்தார்கள். அவளுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. "அந்த கிரீம் வாசனை என் புடவையில இருக்கிற மாதிரியே இருக்கு" என்றார் அண்ணி அன்றைக்கு. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

பிறகுதான் ஒருநாள் அந்த ஆள் போனில் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, என் வீட்டுக்காரிக்கு மார்புல கட்டி மாதிரி இருக்கு. ரொம்ப நாளா இருந்திருக்கு. என்கிட்ட மறைச்சிட்டா. இன்னிக்குத்தான் சொன்னா." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. விசும்பல் மட்டும் வந்தது.

"நான் டாக்டர் இல்லீங்க, நர்ஸ். அழுது முடிச்சிட்டே பேசுங்க. நான் எங்கேயும் போகலை" என்றார் அண்ணி.

திரையில் முழுக்கவசம் மின்னிக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்க்கவே இல்லை. அவர் அடங்கும் வரை காத்திருந்து, "எல்லாக் கட்டியும் கெட்டதா இருக்காது. ஆனா தொட்டுப் பார்க்காம யாராலயும் சொல்ல முடியாது. பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்குல்ல? நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போங்க. தள்ளிப் போடாதீங்க. அவங்களைத் தனியா அனுப்பாதீங்க" என்றார்.

"உங்ககிட்ட பணம் எதுவும் கட்ட வேண்டாமாம்மா?"

"வேண்டாம். கிளம்பற வழியைப் பாருங்க."

அடுத்த திங்கட்கிழமை கூட்டத்தில், மூட்டைகளில் சாய்ந்துகொண்டு எல்லோரும் தட்டில் கேக்கோடு இருந்தபோது, கோச் ஒலிபெருக்கியில் ஒரு குரலைப் போட்டார். என் வீட்டுக்காரிக்கு மார்புல கட்டி மாதிரி இருக்கு. அண்ணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அந்த ஆளின் விசும்பல் கண்ணாடிச் சுவர்களில் மோதி அறை முழுவதும் நிறைந்திருந்தது. அத்தனை பேரும் மென்றுகொண்டே கேட்டார்கள்.

"வாய்ப்பு எங்கெங்கே நழுவுதுன்னு யார் சொல்றீங்க?" என்றார் கோச்.

கைகள் உயர்ந்தன. சிம்கார்டு எழுந்து, "அவர் அழும்போதே பேசி முடிச்சிருக்கணும் கோச். அழுகை நின்னதும் ஆள் யோசிக்க ஆரம்பிச்சிடுவாரு" என்றான். அவன் உதட்டோரம் கிரீம் ஒட்டியிருந்தது. பலமாகக் கைதட்டினார்கள்.

அண்ணி ஒலிபெருக்கியின் பிளக்கை உருவினார்.

"இந்த ஆளைக் கேட்டீங்களா?"

"எதைத் தோழி?"

"அவர் அழுததை இத்தனை பேருக்குப் போட்டுக் காட்டலாமான்னு."

"பதிவு செய்யப்படும்னு ஆரம்பத்துலயே சொல்றோமே" என்றார் கோச், நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல்.

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் அண்ணி வீட்டுக்கு வந்தார். ஆனால் மறுநாள் கம்பெனியைத் தொடங்கிய நண்பன் தன் அறைக்கு அழைத்தான். தரையில் சம்மணமிட்டு, வெறுங்காலின் விரலிடுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நடந்ததையெல்லாம் கேட்டதாகச் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. தேய்த்துக்கொண்டிருந்த அதே கையால் அண்ணியின் கைகளைப் பிடித்து, "எங்களுக்குக் குறைஞ்சது இதுதான். பரிவு. அதுக்குன்னே ஒரு பிரிவு தொடங்கறேன். நீங்கதான் தலைவி" என்றான்.

கையை உருவிக்கொள்ளத் தோன்றியும் அண்ணி உருவவில்லை. அதைச் சொல்லும்போது இப்போதும் அவர் முகம் கோணும். காய்ச்சல்காரர்களுக்கு விடுப்பாவது வாங்கித் தரலாம், கழிப்பறையையாவது கட்ட வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

"உனக்குக் கீழே எத்தனை பேரு?" என்றார் அண்ணன்.

"யாரும் இல்லை."

"அப்ப மேலே?"

"எல்லாரும்."

"எங்க வேலையில இதுக்குப் பேரு நடுமாடியில மாட்டிக்கிட்ட லிஃப்ட்" என்றார் அண்ணன்.

அண்ணியின் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். கழிப்பறை பற்றிச் சொன்னபோதெல்லாம் குறித்துக்கொண்டார்கள். அந்தச் சமயம், போனில் பேச வேண்டிய வசனம் புதிதாக மாற்றப்பட்டது. தனக்கென்று ஒதுக்கிய கண்ணாடிக் கூண்டிலிருந்து அண்ணி வெளியே வந்தபோது சிம்கார்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அழுது முடிச்சிட்டே பேசுங்க. நான் எங்கேயும் போகலை." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கினான். "தள்ளிப் போடாதீங்க. இன்னிக்கே முழுக்கவசம் எடுத்துடுங்க."

அந்த வரிசையில் எல்லா வாயிலும் அதே பேச்சு. அதே இடத்தில் மூச்சு, அதே தணிவு. அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். எதிர் வரிசைப் பெண், "தனியா அனுப்பாதீங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுத்தா நல்லது" என்றாள். அண்ணி கழிப்பறைக்கு ஓடினார். அந்த ஈரத் தரையில் நின்றபடி வாந்தி எடுத்தார். பிறகு நேரே நண்பனின் அறைக்குப் போனார்.

"அது என் பேச்சு."

"அதனாலதான் நல்லா வேலை செய்யுது. விற்பனை எங்கேயோ போயிடுச்சு" என்றான் அவன், பெருமையோடு. பரிசு கொடுக்கும் முகம்.

"என் படத்தைக் கழட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி வந்துவிட்டார். வாசலில் அந்த எதிர்மறை எண்ணப் பெண் பிரியாவிடை வீடியோ எடுக்கக் காத்திருந்தாள். "தள்ளி நில்லும்மா" என்றார் அண்ணி. யாரிடமும் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் துறையில் புகார் கொடுத்தார். கம்பெனி போனில் தருவது சிகிச்சை இல்லை, வெறும் தகவல், அதனால் விதி பொருந்தாது என்று அதிகாரி வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார். கம்பெனி இன்னும் வளர்ந்தது. இப்போது நான்கு மாடி.

அண்ணி டயாலிசிஸ் மையம் ஒன்றில் சேர்ந்தார். நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். வேலை பிடித்திருந்தாலும் போனில் அழுத அந்த ஆளின் நினைப்பு விடவில்லை. கடைசியில் கூச்சத்தை விட்டு சிம்கார்டைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அந்த வீட்டம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாங்களான்னு பார்த்துச் சொல்றியா?"

அவன் தேடினான். "நீங்க பேசின மறுநாள் காலையிலயே நம்ம ஆளுங்க திரும்பக் கூப்பிட்டிருக்காங்க அக்கா. முழுக்கவசம் எடுத்திருக்கார். ரெண்டு பேருக்கும்."

"அது கிடக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா?"

"அது இதுல வராதுக்கா."

"சரி, நம்பரைக் கொடு. நானே கேட்டுக்கறேன்."

"தரக் கூடாதுக்கா. அவங்க தனிப்பட்ட விஷயம் பாருங்க."

அண்ணி போனைக் காதிலிருந்து எடுத்து, கையில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இன்னும் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.